நான் வாங்கிக் கொடுத்த டிவி என்னைப் பொய்யனாக்கியது

எங்கள் பகுதி அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை அகலத்துக்கு ஒரு டிவி மாட்டியிருக்கிறது. நெட் வரும், பேசினால் கேட்டுக்கொள்ளும், விரலால் தொட்டால் நகரும். அது நான் வாங்கிக் கொடுத்தது. யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

நான் படித்தது மூன்றாவது வரைக்கும். அதற்குப் பிறகு பெரிய மார்க்கெட்டில் பூ மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்கிய கை சரம் தொடுத்தது, சரம் தொடுத்த கை மாலை கட்டியது, மாலை கட்டிய கை கடைச் சாவியைப் பிடித்தது. இன்றைக்குப் புதுச்சேரியில் ஒருவர் கழுத்தில் பார்வையாக ஒரு மாலை விழுந்தால், யார் கட்டியது என்று மார்க்கெட்டில் கேட்க மாட்டார்கள். பார்த்தாலே தெரியும். மற்றவர்கள் மாலை சாயங்காலத்துக்குள் தோளிலிருந்து நழுவும். என் மாலை, போட்டுக்கொண்டவர் கழற்றினால்தான் உண்டு.

இப்படிப்பட்ட என் பேச்சுக்கு வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருத்தியைத் தவிர. என் பேத்தி. அதே ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் "யாரு பாத்தா?" என்பாள். ஒரு அமைச்சர் என் மாலையின் வாசனையில் மேடையிலேயே கண்ணயர்ந்துவிட்டார் என்று சொன்னேன். அது நடந்தது. அவள் அந்த அமைச்சரின் வீடியோவைத் தேடி எடுத்து, "தூங்கல தாத்தா, கீழ குனிஞ்சு போன் பாக்கறாரு" என்றாள். தாத்தா சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சேதி வந்தது. ஊரே மதிக்கிற மனுஷனுக்கு இது எப்படி இருக்கும்? டிவி வாங்கிக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த வகுப்பில் என் மதிப்பு உயர வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும்.

டிவி மாட்டிய பிறகு நடந்த முதல் பாடத்துக்கு டீச்சர் என்னை அழைத்தார். சின்ன வயசு டீச்சர், பேச்சில் ஒரு சுறுசுறுப்பு. முன்வரிசையில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி உட்கார வைத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் பேத்தியும் தட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக.

பாடம் ஒரு பூனைக் கதை. வீராம்பட்டினத்துப் பூனை ஒன்று, மீன்காரம்மாவின் கூடைக்குள் யாருக்கும் தெரியாமல் ஏறி, டவுன் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வருகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது கூடைக்குள்ளிருந்து 'மியாவ்' என்று சத்தம். அதோடு பாடப் புத்தகத்தில் முடிந்துவிடும். அந்த வகுப்பில் எல்லோருக்கும் அது மனப்பாடம். கண்டக்டராகவும் பூனையாகவும் நடித்துக்கொண்டேதான் வாசிக்கிறார்கள். இந்தக் கதையை எழுதியவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை என்றார் டீச்சர்.

பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு, அவர் எங்கே பிறந்தார் என்று தேட வேண்டும். இன்னொன்று, வேறு என்னென்ன எழுதினார் என்று. இன்னொன்று, இந்தக் கதையின் முடிவு என்ன என்று. டீச்சர் ஒரு சட்டமும் போட்டார்: நெட்டில் ஒரு இடத்தில் இருப்பதை நம்பிவிடக் கூடாது, இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் சார்ட்டில் எழுதலாம். நல்ல சட்டம்தான் என்று நானும் தலையாட்டினேன். அந்தச் சட்டம் என் தலையில்தான் விழப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பிள்ளைகள் டிவியிடம் பேசியதைப் பார்க்க வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதுபோல, "பூனை கதை எழுதுனவங்க யாரு, அவங்களுக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒருவன் "ப்ளீஸ்" என்றும் சேர்த்தான். டிவி பொறுமையாகத் தேடித் தேடிக் காட்டியது. பிறந்தது இந்த ஊரில்தான். பள்ளி ஆசிரியை. நிறையக் குழந்தைக் கதைகள். அடுத்த வரியில் 'மறைந்த' என்று இருந்தது. டீச்சர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். அதிலும் 'மறைந்த எழுத்தாளர்'. இரண்டு இடம் ஆயிற்று. பிள்ளைகள் 'உச்' கொட்டினார்கள். ஒரு பெண் பிள்ளை முகத்தைத் தாவணி இல்லாத குறைக்குப் புத்தகத்தால் மூடிக்கொண்டாள்.

கதை முடிவைத் தேடிய குழு மட்டும் குஷியாக இருந்தது. பூனை பஸ்ஸில் போகப் போகக் கூடையிலிருந்த மீனையெல்லாம் தின்றுவிட்டு, மார்க்கெட் வந்தபோது வயிறு வீங்கித் தூங்கிக்கொண்டிருந்தது என்று அதே இரண்டு பக்கத்திலும் போட்டிருந்தது. வகுப்பே சிரித்தது. சார்ட்டில் தொப்பை போட்ட பூனையை வரைந்தார்கள்.

கடைசியாக டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். ஒரு நாற்காலி, அதன்மேல் சட்டம் போட்ட ஒரு அம்மாவின் படம், படத்துக்கு மாலை.

நான் எழுந்துவிட்டேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து மல்லிச் சரம் வாங்குகிற அம்மா. முழம் போட என் கையை நம்பாமல், தன் கையால்தான் அளப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர். அவர் கை என் கையைவிடக் குட்டை. நஷ்டம் அவருக்குத்தான், இருந்தாலும் விடமாட்டார். எத்தனையோ வருஷப் பழக்கம். ஆனால் கதை எழுதுகிறவர் என்று எனக்குத் தெரியாது. பூக்கடையில் அதை யார் சொல்வார்கள்?

"இவங்க சாகலையே. போன வெள்ளிக்கிழமைகூட என்கிட்ட மல்லி வாங்கினாங்க" என்றேன்.

டீச்சர் மரியாதையாக, முகஜாடை ஒரே மாதிரி எத்தனையோ பேருக்கு இருக்கும் ஐயா என்றார். பின்வரிசையிலிருந்து என் பேத்தி எழுந்தாள்.

"ரெண்டு எடத்துல போட்டிருக்கு தாத்தா. நீ ஒரே எடம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த டிவி, நான் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரிலேயே என்னைப் பொய்யன் என்றது. விடுவேனா? அந்த மாலையைக் கூர்ந்து பார்த்தேன். அது என் மாலை. சம்பங்கி நடுவே ரோஜாப் பட்டை, இடையில் மரிக்கொழுந்து, இரண்டு தோளும் படுகிற இடத்தில் இரட்டைக் கட்டு. அந்தக் கட்டு இந்த ஊரில் நான் மட்டும் போடுவது.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. மாலை ஆர்டர் எடுக்கும்போது எங்கள் கடையில் முதலில் கேட்பது, ஆளுக்கா படத்துக்கா என்றுதான். ஆளுக்கு என்றால் கனமாக, தோள்கட்டு வைத்து, இடுப்புவரை. படத்துக்கு என்றால் மெலிதாக, முகம் மறைக்காமல். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவதில்லை. அப்படிப் போட்டால் பார்ப்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். முன்னொரு தடவை ஒரு விழாக்காரர்கள் யாரோ ஒரு எழுத்தாளர் அம்மாவுக்குப் பாராட்டு என்று ஆள் மாலை வாங்கிப் போனார்கள். மறுநாள் வந்து, அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை, மாலை வீணாகக் கூடாதென்று அவர் படத்தை நாற்காலியில் வைத்து அதற்குப் போட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் அன்றைக்கே திட்டி அனுப்பினேன். அந்தப் படத்தை யாரோ நெட்டில் போட்டிருக்கிறார்கள். மாலை போட்ட படத்தைப் பார்த்த இன்னொருவர், ஐயோ பாவம் என்று 'மறைந்த' சேர்த்திருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்தவர். என் மாலை அவ்வளவு லட்சணமாக இருந்ததும் ஒரு காரணம். வேறு கடை மாலையாக இருந்தால் இந்தப் படத்தை யாரும் நெட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் விளக்கினேன். டிவி அருகே போய்த் தோள்கட்டைத் தொட்டுக் காட்டினேன். தொட்டதும் படம் நகர்ந்து ஏதோ விளம்பரம் வந்துவிட்டது. பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பூவைப் பாத்து, ஆளு உசிரோட இருக்காங்களான்னு எப்பிடித் தாத்தா சொல்லுவ?"

அந்த வகுப்பில் அதற்குமேல் என் பேச்சு எடுபடவில்லை. திங்கட்கிழமை அந்த அம்மாவையே இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, அவரைக் கூப்பிட முடியாவிட்டால் பேத்தியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அந்த வாரம் முழுக்கக் கவலை. அமைச்சர் போன் பார்த்த கதையெல்லாம் வீட்டோடு போயிற்று. இது வகுப்புக்கே தெரிந்த கதை. இதில் தோற்றால் அவள் கணக்கில் பாதி அல்ல, மொத்தத்தையும் கழித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்தார். கையில் துணிப்பை, நூல் சேலை, வழக்கம்போல என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையால் முழம் போட்டார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் உட்காரச் சொன்னதில்லை. அவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நெட்டுல உங்கள செத்துட்டதா போட்டிருக்காங்க."

"தெரியும் பூக்காரரே" என்றார், சில்லறையை எண்ணிக்கொண்டே.

நான்தான் உட்கார இன்னொரு ஸ்டூலைத் தேட வேண்டியதாயிற்று. அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியுமாம். ஒரு பழைய மாணவி போன் செய்து அழுதபோது தெரிந்ததாம். முதலில் திருத்தச் சொல்லலாம் என்று நினைத்தாராம். பிறகு பார்த்தால், அதற்கப்புறம் ஒருவரும் தலைமை தாங்கக் கூப்பிடவில்லை, முன்னுரை கேட்டுக் கட்டுக் கட்டாகக் காகிதம் அனுப்பவில்லை, பொன்னாடை போர்த்துகிறேன் என்று வீட்டுக்கு வந்து காபி கேட்கவில்லை. மத்தியானம் நிம்மதியாகத் தூங்குகிறாராம்.

"செத்தப்புறம்தான் எனக்கு நேரம் கிடைச்சுது" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடம், டிவி, பேத்தி, நான் கொடுத்த வாக்கு எல்லாம். கார் அனுப்புகிறேன் என்றேன். இதுவரை இந்த ஊர் பார்க்காத மாலை ஒன்று கட்டுகிறேன் என்றேன். அவர் அசையவில்லை. நெட்டில் இருப்பதுதான் சரி, நான் ஆள் மாறிப் பார்த்துவிட்டேன் என்று பேத்தியிடம் சொல்லிவிடும்படி எனக்கே யோசனை சொன்னார். தாத்தா தப்பு என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். எத்தனை பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்காரர்களையே மடக்கியிருக்கிறேன். இந்த அம்மாவிடம் ஒன்றும் செல்லவில்லை. பூவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தோற்ற வருத்தத்தில், சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். "பசங்க உங்க கதைன்னா உசிரு விடுதுங்கம்மா. கடைசில பூனை மீனெல்லாம் தின்னுட்டுத் தூங்குதுன்னு படிச்சு அப்பிடிச் சிரிச்சுதுங்க."

அவர் நின்றார்.

"என்ன தின்னுச்சு?"

"மீனு. கூடை மீனு பூரா. நெட்டுல போட்டிருக்கு. தொப்பை வெச்சு சார்ட்டுல கூட வரைஞ்சிருக்காங்க."

அந்த முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. முழத்துக்கு ஒரு விரல் குறைந்தால்கூட இப்படிக் கோபித்ததில்லை. "என் பூனை மீன் தொடாது" என்றார். "எந்தப் பள்ளிக்கூடம்? எத்தனை மணிக்கு?"

திங்கட்கிழமை கார் அனுப்பினேன். அவர் அதற்கு முன்பே ஆட்டோவில் வந்து பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ராத்திரி முழுக்க மனத்தில் வரைந்து, விடிகாலையில் கட்டிய மாலையோடு போனேன். தாமரை மொட்டும் வாசனைக்கு மரு இலையும் வைத்தது. வகுப்புக்குள் போனதும், எல்லோரும் பார்க்க அதை எடுத்து நீட்டினேன்.

"அதை டிவிக்குப் போடுங்க. எல்லாம் அதுக்குத்தானே தெரியுது" என்று சொல்லிவிட்டு, நேராகச் சுவரில் ஒட்டிய சார்ட்டிடம் போனார். தொப்பைப் பூனையைப் பார்த்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, வணக்கம்கூடச் சொல்லாமல், இது யார் வேலை என்று கேட்டார்.

டீச்சர் கையும் காலும் ஓடாமல் நின்றார். பிள்ளைகள் மட்டும் பயப்படவில்லை. கடலோரத்திலிருந்து வருகிற ஒரு பையன் எழுந்து, அவனுடைய ஆயா மீன் விற்பவர் என்றும், ஆயா கூடையில் பூனை வாய் வைக்காமல் இறங்கியதே இல்லை என்றும் சொன்னான். அதனால் நெட்டில் போட்டிருப்பதுதான் நடக்கும் என்றான்.

"உங்க ஆயா வீட்டுப் பூனை பசிக்கு ஏறும். இது பஸ்ஸு பாக்க ஏறுச்சு" என்றார் அம்மா. "முதல் தடவையா பஸ்ஸுல போறப்ப யாருக்காவது சாப்பிடத் தோணுமா?"

"எனக்குத் தோணும்" என்றான் பையன்.

"நீ பூனை இல்ல."

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தின்றிருக்கும் என்று ஒரு பக்கம், தின்றிருக்காது என்று ஒரு பக்கம். பூனைக்கு மீன் மேலேயே உட்கார்ந்து வர எப்படி மனம் வந்தது, கண்டக்டர் டிக்கெட் போட்டாரா, பூனைக்கு அரை டிக்கெட்டா என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டிக்கெட் உண்டு, லக்கேஜ் டிக்கெட். கூடையின் கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தால் தென்னை மரமெல்லாம் பின்னால் ஓடுவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் பூனைக்கு மீன் வாசனையே தெரியவில்லை. மார்க்கெட்டில் மீன்காரம்மா மூடியைத் திறக்கிறாள். ஒரு மீன் குறையவில்லை. பூனை நிமிர்ந்து பார்த்து, "திரும்பற பஸ் எப்போ?" என்று கேட்கிறது. அதுதான் கதையின் முடிவு. பாடப் புத்தகத்தில் இடம் போதாமல் வெட்டிவிட்டார்களாம்.

சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பூனை கேட்டதை ஆளுக்கொரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று பேத்தியைப் பார்த்தேன். அவள் எழுந்தாள்.

"அந்த புக்கு இருக்கா? காட்டுவீங்களா?"

தன்னிடம் இருந்த ஒரே பிரதியைக் கரையான் தின்றுவிட்டது என்றார் அம்மா.

"அப்போ நீங்களும் ஒரே எடம்தான்" என்றாள் பேத்தி. எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவையாகச் சிரித்தார். "ஆமாம், ஒரே இடம்தான். ஆனா பூனை அந்த ஒரு இடத்துலேருந்துதான் கிளம்பிச்சு."

பேத்தி நேராக டிவியிடம் போனாள். முதலில் பார்த்த அந்த நெட் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாமாம். டீச்சர் அதற்கான இடத்தைத் திறந்து கொடுத்தார். இரண்டு தப்பு இருக்கிறது, எதை முதலில் திருத்தலாம் என்று டீச்சர் கேட்டார்.

"பூனையை" என்றார் அம்மா.

பேத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு அடித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று கால் எங்கே, கொம்பு எங்கே என்று சொல்லிக்கொடுத்தார்கள். 'பூனை ஒரு மீனைக்கூடத் தொடவில்லை' என்று டிவியில் வந்தது. அம்மா அதை இரண்டு தடவை படித்தார். அடுத்ததற்கு டீச்சர் விரலைக் கொண்டுபோனபோது தடுத்துவிட்டார். அது அப்படியே இருக்கட்டும், சௌகரியமாக இருக்கிறது என்றார். வெளியே போய் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வகுப்பு முழுவதிடமும் சத்தியம் வாங்கினார். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் பேச்சுதான் சரி என்று உலகத்துக்கே தெரிய வேண்டிய இடத்தில், ஒரு வகுப்புக்குள் மூடி வைத்துவிட்டார்கள். இதை எழுதும்போதுகூட அவர் யார் என்று நான் சொல்ல முடியாது. தேடிப் பார்த்தாலும் மறைந்தவர் என்றுதான் வரும்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். தாமரை மாலை டிவியின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அம்மா சொன்னபடி செய்துவிட்டார்கள். முகம் தொங்கப்போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவங்கதான் தாத்தா" என்றாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்? ஒரே எடம்தானே?"

"வேற யாருனா இருந்தா, நான் சாகல, நான்தான் அதுன்னு சொல்லத்தான் வந்திருப்பாங்க. இவங்க பூனைக்கோசரம்தான் வந்தாங்க."

சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். தாத்தா போன வாரம் சொன்னது சரி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கைதட்டச் சொல்லவில்லை, அவர்களாகத் தட்டினார்கள். என்னிடம் அந்த நேரத்தில் பேச எவ்வளவோ இருந்தது. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.